ஒரு காப்பிக்கு ஒரு பாட்டு

எங்கள் ஊர்க் காபி கிளப்பில் ஒரு சட்டம் உண்டு: ஒரு காப்பிக்கு ஒரு பாட்டு. மேஜைமேல் கிராமபோன் பெட்டி இருக்கும். பிளேட்டு சுழன்று பாட்டு முடிகிற வரைக்கும் பெஞ்சில் உட்காரலாம். முடிந்ததும் எழுந்துகொள்ள வேண்டும். இன்னும் உட்கார ஆசைப்பட்டால் இன்னொரு காப்பி வாங்க வேண்டும். கல்லாவில் இருந்த கிளப்காரர் இந்தச் சட்டத்தைத் தாமே அமல் நடத்துவார்.

"பாட்டு முடிஞ்சுதுங்க. எந்திரிங்க, பின்னால ஆளு நிக்குது."

"டம்ளர்ல பாதிக் காப்பி இருக்குதுங்களே."

"காப்பி உங்களுது, எடுத்துக்கிட்டு எந்திரிங்க. பெஞ்சு என்னுது."

நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த வருஷம் அது. சும்மா என்பது பார்க்கிறவர்கள் சொன்ன சொல். எனக்கோ உட்கார நேரமில்லை. சைக்கிள் கற்றுக்கொண்டேன், விழுந்த காயம் ஆறுவதற்குள் இந்தி படிக்க ஆரம்பித்தேன், எழுத்துகள் பிடிபட்டதும் அதை விட்டுவிட்டுச் சோப்புக் காய்ச்சப் போனேன். காய்ச்சிய சோப்பு நுரைக்கவில்லை, ஆனால் அம்மாவின் ஒரு சட்டியைத் தின்றுவிட்டது. "இவனுக்கு ஒரு எடத்துல கால் நிக்காது" என்று அப்பா சொல்வார். திருச்செங்கோட்டில் மாமாவுக்குப் பருத்தி மண்டி இருந்தது. சித்திரை பிறந்ததும் என்னை அங்கே அனுப்பிவிடுவது என்று அப்பா மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். மனசுக்குள் என்றேன், வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்த நேரத்தில்தான் சித்திரையில் வருகிற மாரியம்மன் பண்டிகைக்கு ஊர்க்காரர்களே நாடகம் போடுவது என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் வெளியூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்து கொட்டகை போட்டு ஆடிவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை தறிக்காரர்களும் நிலம் உழுகிற காட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு சபையே தொடங்கிவிட்டார்கள். தலைவர், ஊரிலேயே பெரிய நூல் வியாபாரி. நாடகத்தை எழுதியதும் அவரே. மந்திரி சூழ்ச்சி செய்து நாட்டைப் பிடுங்கிக்கொள்ள, ராஜகுமாரன் காவேரியில் பரிசல் ஓட்டிப் பிழைக்கிறான். கடைசியில் ராஜ்யத்தை மீட்கிறான். கதை எங்கேயோ கேட்டது மாதிரியும் இருக்கும், எங்கேயும் கேட்காதது மாதிரியும் இருக்கும். பாட்டுகளுக்கு அவர் புது மெட்டுத் தேடி அலையவில்லை. காபி கிளப்பில் ஓடுகிற பிளேட்டுகளின் மெட்டிலேயே தம் சொற்களைப் பொருத்திவிட்டார். ராஜகுமாரன் பரிசலைத் தள்ளிக்கொண்டு பாடுகிற முதல் பாட்டு, ஊரில் எல்லோரும் விரும்பிக் கேட்ட ஒரு பிளேட்டின் மெட்டு. மாசி மாதம் குரல் பரீட்சை என்றும், ராஜகுமாரன் வேஷம் வேண்டுமென்பவர்கள் அந்தப் பாட்டைப் பாடிக் காட்ட வேண்டும் என்றும் சபையில் அறிவித்தார்கள்.

எனக்கு அன்றே தூக்கம் போயிற்று.

அப்பாவிடம் கேட்டேன். அவர் களத்தில் நின்று மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"ராஜா வேஷமா?"

"ராஜகுமாரனுங்கய்யா. கதையே அவன்தானுங்க."

"அது கெடச்சா இரு. வேறெதுன்னாலும் வேண்டாம். நாலு ஊரு சனம் பாக்கையில நம்மூட்டுப் பையன் எவனுக்கோ பின்னால வெஞ்சாமரம் வீசிக்கிட்டு நிக்கறதை நான் பாக்க மாட்டேன். கெடைக்கலீன்னா சித்திரையில மாமன் மண்டி."

"சரிங்கய்யா."

"சரின்னு வெரசாச் சொல்றே. யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க என்ன இருந்தது? வேஷம் எனக்குத்தான் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டிருந்தேன்.

ஒரே ஒரு இடைஞ்சல், என் குரல். பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளில் படிக்கும்போது கடவுள் வாழ்த்துப் பாடுகிறவன் நான்தான். பிறகு மகரக்கட்டு வந்தது. பையன்களுக்குத் தொண்டை உடைந்து ஆண்குரலாக மாறுகிற அந்தக் காலத்தை நாடகக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். அதைத் தாண்டி வந்த என் குரல் தணிந்த குரல். பிளேட்டில் பாடியவரோ எங்கேயோ உச்சியில் இருந்தார். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். எண் ஏற ஏறக் குரலும் மேலே ஏற வேண்டும். எங்கள் பஜனை மடத்து ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பாட்டு ஐந்தரைக் கட்டையில் இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினால் ஐந்தைத் தொடுவேன்.

உரக்கச் சாதகம் செய்ய எனக்கு ஓர் இடமும் காரணமும் கிடைத்தன. எங்கள் காட்டில் சோளம் கதிர் பிடித்திருந்தது. கிளியும் குருவியும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். பரண்மேல் ஆள் நின்று காலை முழுக்கச் சத்தம் போட வேண்டும். நானே போகிறேன் என்றேன். வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரணில் ஏறி நின்று, கிளிகளை நோக்கி ராஜகுமாரனின் பாட்டைப் பாடினேன். ஒரு வாரம் கழித்து அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"போன வருசம் டின்னைத் தட்டித் தட்டிக் கை காஞ்சுது. இந்த வருசம் ஒரு கிளி இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலையே. பக்கத்துக் காட்டுக்காரன் வந்து, உங்க பையனை ரெண்டு நாளைக்கு அனுப்புங்கன்னு கேட்டுட்டுப் போறான்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதிமதுரத்தைத் தட்டி என் முன்னால் வைத்தார். ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மிளகு என்றார் ஒருவர், நெய் என்றார் ஒருவர், பேசவே பேசாதே என்றார் இன்னொருவர். கடைசி வைத்தியம் மட்டும் என்னால் முடியவில்லை.

சாயங்காலம் காபி கிளப். என்னுடன் பள்ளியில் படித்த தறிக்காரர் மகன் ஒருவன் இருந்தான். அவனும் அந்த வேஷத்துக்குத்தான் பாடம் செய்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிளேட்டைக் கேட்போம். அவன் தறியில் உட்கார்ந்தபடியே பாடிப் பழகியவன். நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற வேகத்துக்கு அந்தப் பாட்டு அச்சாகப் பொருந்திவிட்டது என்று சொல்வான். அவன் குரல் மெல்லியது, கூர்மையானது, ஐந்தரையில் சிரமமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். நானும் எட்டிப் பாடிக் காட்டுவேன், அவன் கேலி செய்வான்.

"நீ ஏப்பா ஒவ்வொரு அடியிலயும் கழுத்தைத் தூக்கறே? பரிசல்லதான் போறான் ராஜகுமாரன், பனைமரத்துல ஏறலை."

"உனக்கென்ன, பொம்பளைக் குரலு. ஏறும்."

"அந்தப் பொம்பளைக் குரலுதான் ராசாவாகப் போவுது. பாத்துக்கிட்டே இரு."

அந்தப் பிளேட்டில் பாடியவர் யார், எப்படி இருப்பார் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்ததுண்டு. மீசை அரும்பாத இளைஞர், ஒல்லியாக, கண்ணுக்கு மை போட்டுக்கொண்டு. சொற்கள் ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு ஓடும். மூச்சு விடுகிற இடமே தெரியாது. அதைத்தான் பெரிய வித்தை என்று நினைத்தேன். பரணில் நின்று ஒரே மூச்சில் பல்லவியை முடிக்கப் பழகினேன். கண் இருட்டிக்கொண்டு வரும். தொண்டை எரியும். பரீட்சைக்குச் சில நாள் முன்பு ஐந்தரையைத் தொட்டுவிட்டேன். தொட்டேனே தவிர நிற்கவில்லை. எட்டிக் குதித்து மாங்காய் பறிப்பதைப் போல.

பரீட்சை சந்தைப்பேட்டைக் கொட்டகையில் நடந்தது. சந்தை இல்லாத நாள். ஜமக்காளம் விரித்து, சபைத் தலைவரான நூல் வியாபாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆர்மோனியம் வாசிக்க ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். கம்பெனி நாடகங்களுக்கு வாசித்துப் பழகியவர். வெற்றிலையை அடக்கிக்கொண்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்தார்.

முதலில் தறிக்காரர் மகன்.

"எந்தக் கட்டைப்பா?"

"அஞ்சரைங்க."

ஆர்மோனியக்காரர் புருவத்தை உயர்த்திவிட்டுச் சுருதி கொடுத்தார். அவன் பாடினான். நன்றாகவே பாடினான். ஆனால் அடி முடிவதற்குள் ஆர்மோனியம் நின்றுவிட்டது.

"நில்லு, நில்லு. யார்ராப்பா உன்னைத் தொரத்துறது?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்துபோய், மறுபடியும் அதே மாதிரி பாடினான். அவர் விரல்கள் பின்னாலேயே ஓடின. அடுத்து பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர் வந்தார். அவரும் ஐந்தரை என்றார், அவரும் ஓடினார். அடுத்தவர் மளிகைக் கடைக்காரரின் தம்பி. ஐந்தரை, ஓட்டம். ஆர்மோனியக்காரர் துருத்தியை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஏம்பா, இந்த ஊர்ல எல்லாரும் ஒரே வாத்தியாராண்டயா கத்துக்கினீங்க?"

"வாத்தியாரெல்லாம் இல்லீங்க," என்றார் தலைவர். "எல்லாம் பிளேட்டைக் கேட்டுத்தேன்."

"பிளேட்டா? அந்தப் பிளேட்டு எனக்குத் தெரியாதா? நாலு கட்டை. இப்பிடி." அவர் வாசித்தார். கூடவே முணுமுணுவென்று பாடினார். தணிந்த சுருதியில், ஒவ்வோர் அடியின் முடிவிலும் நின்று, நின்ற இடத்தில் கொஞ்சம் இளைப்பாறி, பிறகு அடுத்த அடிக்குப் போயிற்று பாட்டு.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"நல்லாத்தேன் இருக்குதுங்க. ஆனா இது வேற பாட்டுங்களே."

"அதே பாட்டுதான்."

"இல்லீங்க. எழவு ஊட்டுல பாடறாப்புல இருக்குது. நாங்க சொல்ற பாட்டு துள்ளிக்கிட்டுப் போகும். அதை வாசிங்க."

"ஏங்க, இதான் அது! துள்ளுறது பாட்டு இல்ல, நீங்க."

"எங்கூருல பச்சைப்புள்ளைக்குக்கூட அந்தப் பாட்டுத் தெரியும். வேணும்னா கேட்டுப் பாருங்க."

இப்படி வார்த்தை வளர்ந்தது. வெயிலும் ஏறிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்று யாரோ சமாதானம் செய்தார்கள். எல்லோரும் கலைந்தார்கள். என் முறை இன்னும் வரவில்லை.

நான் சாப்பிடப் போகவில்லை. நாலு கட்டை, ஐந்தரைக் கட்டை, மெதுவாக, வேகமாக. இரண்டும் சேர்ந்தே மாறியிருக்கின்றன என்பது என் தலையில் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளியில் விஞ்ஞான வாத்தியார் பல் வைத்த ஒரு சக்கரத்தைச் சுழற்றி அதன்மேல் அட்டையைப் பிடித்துக் காட்டியிருந்தார். சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் தணிந்த ஒலி, வேகமாகச் சுற்றினால் உயர்ந்த ஒலி. பரீட்சைக்குப் படித்து, எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தேன். அது காபி கிளப்பில் தினமும் என் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது!

ஓடினேன். உச்சிப்பொழுதில் கிளப்பில் கூட்டமில்லை. கிளப்காரர் கல்லாவில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார்.

"ஏனுங்க, இந்தப் பெட்டியில வேகத்தைக் கூட்டிக் குறைக்கற திருகு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குது. அதுக்கென்ன இப்ப?"

"அதைக் கூட்டி வெச்சிருக்கீங்களா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கூட்டாம? சந்தை அன்னைக்குக் கூட்டம் எப்படி நெரியுதுன்னு பாத்திருக்கறயில்ல? ஒருத்தனும் எந்திரிக்க மாட்டேங்கறான். பாட்டை நிறுத்தினா சண்டைக்கு வாரான். அதுதான் திருகைச் சித்த முறுக்கினேன். பாட்டும் முழுசா ஓடுது, ஆளும் சீக்கிரம் எந்திரிக்கறான். யாருக்கு என்ன நட்டம்?"

"அன்னைக்கு முறுக்கினதை அப்புறம் இறக்கவே இல்லீங்களா?"

"எதுக்கு இறக்கறது? பாட்டு பாட்டுதானே சாமி. வெரசா ஓடினா ராகம் கொட்டிப் போயிருமா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரே தொண்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. நான் பரணில் நின்று கண் இருட்ட இருட்டப் பாடியிருக்கிறேன். எல்லாம் ஒரு பெஞ்சு காலியாவதற்காக.

"சித்த இறக்கி ஒரு தடவை போடுங்களேன். காப்பி வாங்கிக்கறனுங்க."

"மெதுவா ஓடுற பாட்டுக்கு ரெண்டு காப்பி," என்றார் அவர். ஆனாலும் எழுந்து வந்து திருகைத் திருப்பினார். எந்த அளவு என்று அவருக்கும் மறந்துவிட்டது. ஆர்மோனியக்காரர் வாசித்த சுருதி இன்னும் என் காதில் இருந்தது; அதை முனகிக்கொண்டே, இன்னும் கொஞ்சம், போதும் என்று சொன்னேன். ஊசி இறங்கியது.

பாடியவர் இளைஞர் இல்லை. நடுத்தர வயது மனிதர். குரலில் ஒரு கனம் இருந்தது, ஓரங்களில் லேசான கரகரப்பும் இருந்தது. ஒவ்வோர் அடி முடிந்ததும் அவர் மூச்சு வாங்கினார். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இத்தனை நாளாகத் தினம் கேட்ட பாட்டில், அவர் மூச்சு வாங்கியதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வேகத்தில் அது நசுங்கிப் போயிருந்தது. அவர் நின்ற இடங்கள் எல்லாம் நசுங்கியிருந்தன. எந்த வித்தையைப் பிடிப்பதற்காக நான் பாடுபட்டேனோ அது அவரிடம் இருந்ததே இல்லை.

என்னை இன்னொன்றும் யோசிக்க வைத்தது. இந்தக் குரல் கிட்டத்தட்ட என் குரல். மகரக்கட்டோடு கெட்டுப்போய்விட்டது என்று நான் தள்ளி வைத்திருந்த அந்தத் தணிந்த குரல், வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. அதை விட்டுவிட்டு நான் வேறெங்கேயோ ஏறிக்கொண்டிருந்தேன்.

கிளப்காரர் தாடையில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும், "இந்த ஆளு இவ்வளவு வருத்தமாவா பாடியிருக்கறாரு?" என்றார். பிறகு அந்த நினைப்பை உதறிவிட்டுத் திருகைப் பழையபடி முறுக்கினார். "நாளைக்குச் சந்தை."

கொட்டகைக்குத் திரும்பியபோது எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். தலைவரும் ஆர்மோனியக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் போய் நின்றேன்.

"எந்தக் கட்டை? அஞ்சரைதானே?" என்றார் ஆர்மோனியக்காரர் சலிப்போடு.

"நாலுங்க."

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். சுருதி கொடுத்தார்.

பாடுவது சுலபமாக இருந்தது. நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஓர் அடியை முடித்துவிட்டு அடுத்த அடிக்கு முன்னால் சும்மா நிற்பது என்பது எனக்கு வாழ்க்கையிலேயே பழக்கமில்லாத காரியம். அந்த இடைவெளியில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். கால் பரபரக்கும். இரண்டாவது அடியில் பொறுக்காமல் முந்திக்கொண்டேன். ஆர்மோனியம் என் பின்னால் வராமல் தன் இடத்திலேயே நின்றது. வெட்கத்தோடு திரும்பி வந்து சேர்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு முந்தவில்லை. நின்றேன். மூச்சு வாங்கினேன், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே. சரணத்தில் வருகிற மேல் இடத்துக்குப் போனபோது கழுத்து தானாகத் தூக்கிக்கொள்ளவில்லை.

முடித்ததும் கிளப்பில் கண்டதை மூச்சுவிடாமல் சொன்னேன். திருகு, பெஞ்சு, சந்தை எல்லாம். ஆர்மோனியக்காரர் ஆர்மோனியத்தின்மேல் குனிந்து குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. தம் பாட்டுத் தாளைப் பிரித்து ஒவ்வோர் அடியிலும் சொற்களை விரல்விட்டு எண்ணினார்.

"நீ சொல்றது சரிதான் சாமி," என்றார் கடைசியில். "பிளேட்டுப் பொய்யின்னே வெச்சுக்குவோம். ஆனா ஊரு அந்தப் பொய்யைத்தானே கேட்டுக் கேட்டு ஆசை வெச்சிருக்குது? பண்டிகை அன்னைக்கு மேடையில ராஜகுமாரன் மெதுவாப் பாடினா, சரியாப் பாடறான்னா சொல்லுவாங்க? மறந்துட்டான்னு சொல்லுவாங்க. மேடைக்கு மண்ணாங்கட்டி பறந்து வரும்."

"அப்ப சரியானது எதுன்னு..."

"இரு. அது மட்டுமில்லை. நான் எழுதியிருக்கறது பாரு, ஒரு அடிக்கு எத்தனை சொல்லுன்னு. அது ஓடறதுக்கு எழுதினது. உன்ற வேகத்துல பாடினா பரிசலு அக்கரை சேர விடிஞ்சு போயிரும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "நீ பாடினது மனசைத் தொட்டுது. ஆனா ராஜகுமாரன் பாடறாப்புல இல்லை. ராஜகுமாரனோட அப்பன் பாடறாப்புல இருக்குது."

ராஜகுமாரனின் தந்தை, வயதான ராஜா. நாட்டை இழந்து, பிச்சைக்காரராக அலைந்து, ஒரு நாள் மகன் என்று அறியாமல் அவன் பரிசலிலேயே ஏறுகிறவர். நாடகத்தில் அவருக்குப் பாட்டே கிடையாது. ஆர்மோனியக்காரர்தான் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"புதுசா மெட்டுத் தேடாதீங்க. இதே மெட்டு போதும். பையன் ஓடட்டும், அப்பன் நடக்கட்டும். பரிசல்ல ரெண்டும் ஒண்ணா ஏறும்போது பாருங்க, சனம் அழும்."

தலைவர் அங்கேயே தாளைத் திருப்பிப் பென்சிலை எடுத்தார். காலையில் முறைத்துக்கொண்ட இருவரும் ஒரே தாளின்மேல் குனிந்துவிட்டார்கள்.

ராஜகுமாரன் வேஷம் தறிக்காரர் மகனுக்கு.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைக் கண்டுபிடித்தவன் நான். பரிசு பொய்யாகப் பாடியவனுக்கா? வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அவனை மறுபடியும் பாடச் சொன்னார்கள். இப்போது ஆர்மோனியக்காரர் அவனோடு மல்லுக்கட்டவில்லை, கூடவே ஓடினார். அந்தப் பாட்டு கொட்டகையின் தகரத்தில் மோதி வெளியே வந்தது. நான் அதைப் பொய் என்று கேட்க முயன்றேன். முடியவில்லை. ஆற்று வேகத்தில் சுழன்று போகிற பரிசல் அதில் இருந்தது. இளமை இருந்தது. பிளேட்டில் பாடிய மனிதர் இதைக் கேட்டால் தம் பாட்டு என்று அடையாளம் கண்டிருக்க மாட்டார். அதனாலேயே அது அவனுடையதாகவும் எங்கள் ஊருடையதாகவும் ஆகிவிட்டிருந்தது. யாரோ ஒருவர் பெஞ்சைக் காலி செய்ய முறுக்கிய திருகிலிருந்து ஊருக்கு ஒரு பாட்டு பிறக்கலாம் என்பதை அன்றைக்கு என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இப்போதும் முழுசாக முடிகிறதா என்று கேட்டால், தெரியவில்லை.

அவன் வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தான்.

"அப்பாருங்க, ஆசீர்வாதம் பண்ணுங்க."

"போடா."

"பெத்த புள்ளையைப் போடாங்கலாமுங்களா? நாடு போனாலும் நாக்கு போகலை பாரு." பிறகு குரலைத் தணித்துக் கேட்டான். "வருத்தமா?"

"எங்கய்யன் ஒத்துக்க மாட்டாருப்பா. ராஜகுமாரன் இல்லீன்னா மண்டிதான்னு சொல்லிட்டாரு."

அவன் விளையாட்டை நிறுத்தினான். "ராஜகுமாரனைவிட ராஜா பெருசில்லையா? அதைச் சொல்லிப் பாரு."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது.

அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா களி போட்டுக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியில் நின்றேன்.

"என்னாச்சு?"

"ராஜகுமாரன் கெடைக்கலீங்கய்யா. ராஜகுமாரனோட அய்யன். வயசான ராஜா."

அவர் கை தட்டிலேயே நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் விசாரிக்கத் தொடங்கினார், நிலம் வாங்கப் போகிறவர் விசாரிப்பதைப் போல.

"சிம்மாசனத்துல யாரு உக்காருவா?"

"நானுங்க. மொதல் காட்சியில."

"ராஜகுமாரன்?"

"பக்கத்துல நிப்பானுங்க."

"உம். அப்புறம்?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அன்றைக்கு முழுவதும் சரியான வேகம் எது என்று அத்தனை பேரிடமும் வாதாடிவிட்டு வந்தவனுக்கு அது வாயில் ஏறவில்லை.

"அப்புறம் நாடு போயிருதுங்க. கந்தல் கட்டிக்கிட்டுப் பிச்சையெடுக்கறேன். அதுலதான் பாட்டு."

அம்மாவின் கரண்டி சட்டியில் தட்டுகிற சத்தம் நின்றது. அப்பா களியைக் குழம்பில் தொட்டு விழுங்கினார். அடுத்த உருண்டையையும் விழுங்கினார். நான் நின்றேன். இடையில் ஏதாவது பேசிவிடத் துடித்தது வாய், பேசாமல் நின்றேன்.

"பிச்சையெடுக்கறது எப்ப வருது?"

"பாதிக்கு மேலதானுங்க."

தட்டிலேயே கை கழுவினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்பச் சரி. பாதி வரைக்கும் இருந்து பாத்துட்டு நான் எந்திரிச்சு வந்துக்கறேன். நீ முடிச்சுட்டு வா. மாமனுக்கு, வைகாசியில வாரான்னு ஆள் சொல்லி அனுப்பறேன்."

சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அம்மா என் தட்டை எடுத்து வைத்து, களியில் குழி பறித்துக் குழம்பு ஊற்றினார்.

"அவரு போனாப் போகட்டும்," என்றார். "நான் முடியற வரைக்கும் இருந்துட்டு வாரேன்."